இன்டர்வியூவுக்கு முன் ஏஐ-யிடம் ஒரு இன்டர்வியூ: அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகும் புதியவர்களுக்கு

பி.காம் முடித்துவிட்டு முதல் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது பெரும்பாலும் செய்வது இதுதான். சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ திறந்து, "அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூ கேள்வி பதில் கொடு" என்று தட்டுவார்கள். மளமளவென்று 50 கேள்வி வந்து விழும். கோல்டன் ரூல்ஸ் மூன்று எவை, டிரயல் பேலன்ஸ் என்றால் என்ன, உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன. அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தால், எதிரே இருக்கும் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியே அந்த 50-ல் இருக்காது.

ஏஐ-யைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த ஊர், என்ன தொழில், எவ்வளவு பெரிய கம்பெனி என்று ஒன்றும் சொல்லாமல் கேட்டால் அது ஊருக்கெல்லாம் பொதுவானதைத்தான் எடுத்துக் கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. பதிலை அதனிடம் வாங்கிப் படிப்பதில் பெரிய லாபம் கிடையாது. கேள்வியை அது கேட்க வேண்டும், நாம் திணறித் திணறிப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அது மேலும் துருவ வேண்டும். அங்கேதான் பயிற்சி நடக்கிறது.

எல்லா வேலைக்கும் பொருந்தும்படி எழுதினால் எந்த வேலைக்கும் உதவாது. அதனால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். நீங்கள் வேறு வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் முறை இதேதான், உள்ளே போடும் சரக்கு மட்டும் மாறும்.

படி 1: விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

விளம்பரம் பொதுவாக இப்படித்தான் இருக்கும்: "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை. பி.காம் அல்லது பி.காம் சிஏ. டேலி, ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க் ரீகன்சிலியேஷன் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் அனுபவம் இருந்தால் முன்னுரிமை. 0–2 வருடம்."

நாலு வரிதான். ஆனால் அந்த ஆபீஸில் தினமும் என்ன நடக்கிறது என்பது முழுக்க இதற்குள் இருக்கிறது. பனியன் கம்பெனி நூல் வாங்கும். அது நிட்டிங் யூனிட்டுக்குப் போகும், அங்கிருந்து டையிங், அப்புறம் காம்பாக்டிங், தேவைப்பட்டால் பிரிண்டிங். இதில் பெரும்பகுதி ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்டுகளில் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. ஒவ்வொரு இடத்துக்கும் டெலிவரி சலான் போட்டுத் துணி போகும், திரும்பி வரும், ஜாப் ஒர்க் பில் வரும். இ-வே பில் என்பது சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு. ஆகவே "இ-வே பில் தெரிந்திருக்க வேண்டும்" என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டி கிளம்பிக்கொண்டே இருக்கும் என்று பொருள். "எக்ஸ்போர்ட்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி), ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம்), டிராபேக் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸ் திருப்பித் தரும் வரி), வெளிநாட்டுப் பணம் பேங்கில் வந்து சேர்வது எல்லாம் நிற்கின்றன.

இதை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், "இந்த வேலையில் இது எப்போது வரும்?" என்று ஒரு வரி. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். இதை முடித்த பிறகுதான் ஏஐ-யைத் திறக்க வேண்டும். முதலிலேயே அதனிடம் கொடுத்துவிட்டால் அது அழகான பட்டியல் போட்டுத் தரும், உங்களுக்கு எது தெரியாது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கம்பெனியைப் பற்றி விசாரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, பலரும் பயன்படுத்துவதில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் லாகின் இல்லாமலேயே ஒரு வரிசெலுத்துபவரைத் தேடலாம். கம்பெனியின் ஜிஎஸ்டி எண் அவர்களுடைய பில்லிலோ, இணையதளத்திலோ, வாசல் போர்டிலோ இருக்கும். அதைப் போட்டால் சட்டப்படியான பெயர், புரொப்ரைட்டரா பார்ட்னர்ஷிப்பா பிரைவேட் லிமிடெடா, எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள், ரிட்டர்ன்கள் எப்போது தாக்கலாயின என்பதெல்லாம் தெரியும். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தாலே மேனேஜரின் முகம் கொஞ்சம் மாறும். கூடவே இன்னொரு பயனும் இருக்கிறது. அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்றால் இங்கேயே தெரிந்துவிடும். வேலை உறுதி, டெபாசிட் மட்டும் கட்டுங்கள் என்று கேட்கிற எவரும் வேலை கொடுக்கப் போவதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

படி 2: ஏஐ-யிடம் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது

விளம்பரம் முழுவதையும், உங்கள் ரெஸ்யூமையும், கம்பெனியைப் பற்றித் தெரிந்ததையும் கொடுங்கள். ரெஸ்யூமை ஒட்டுவதற்கு முன் போன் நம்பர், வீட்டு முகவரி, ஆதார், பான், அப்பா பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேள்வி கேட்க இவை எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் செய்திருந்தால் அங்கே பார்த்த கிளையன்ட் கணக்கையும் பெயரையும் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள். அடுத்தவர் கணக்கை வெளியே விடாமல் இருப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

இப்போது கட்டளை. "எனக்கு மாக் இன்டர்வியூ எடு" என்று ஒரு வரியில் சொன்னால் போதாது. கீழே உள்ளதை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நீ திருப்பூரில் 200 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். 20 வருட அனுபவம். பேச நேரம் குறைவு. அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு என்னை இன்டர்வியூ எடுக்கிறாய். விளம்பரமும் என் ரெஸ்யூமும் கீழே இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் பதில் சொன்னதும், அந்தப் பதிலில் எது மழுப்பலாக இருக்கிறதோ அதைப் பிடித்து அடுத்த கேள்வி கேள். புத்தக வரையறை கேட்காதே, இந்த ஆபீஸில் நடக்கக்கூடிய ஒரு நிலைமையைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேள். நடுவில் பாராட்டாதே, சரியான விடையைச் சொல்லாதே. நான் 'முடித்துக்கொள்ளலாம்' என்று சொன்ன பிறகு மட்டும், எந்த மூன்று பதில்கள் என்னை வேலைக்கு எடுக்கத் தயங்க வைக்கும் என்று காரணத்தோடு சொல். சாதாரணப் பேச்சுத் தமிழில், தொழில் சொற்களை நாங்கள் பேசுகிற மாதிரியே ஆங்கிலம் கலந்து பேசு."

இதில் விட்டுவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, பாராட்டாதே என்பது. இந்தக் கருவிகள் இயல்பிலேயே நம்மைக் குளிர வைப்பவை. "அருமையான பதில்!" என்று தொடங்கி அரைகுறைப் பதிலுக்கும் பத்துக்கு எட்டு போடும். கட்டளையில் தடுத்தாலும் நாலைந்து கேள்வி கழிந்ததும் மறுபடி ஆரம்பிக்கும், அப்போது ஒருமுறை நினைவூட்டுங்கள். இரண்டாவது, கடைசியில் மதிப்பெண் கேட்காமல், தயங்க வைத்த பதில்களைக் கேட்பது. மதிப்பெண் வந்தால் மனசுக்கு இதம், அவ்வளவுதான். தயக்கத்துக்கான காரணம் வந்தால் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ண ஏதாவது கிடைக்கும்.

படி 3: முதல் சுற்று

முதல் சுற்றை எந்தத் தயாரிப்பும் இல்லாமல், தட்டச்சு செய்தே முடியுங்கள். ஒரு மாதிரி காட்டுகிறேன். இதில் வரும் 2பி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்குத் தரும் பட்டியல்; 3பி, வரி கட்ட நாம் போடும் ரிட்டர்ன். கட்டளை சரியாக இருந்தால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

மேனேஜர்: "ஒரு நூல் மில்லோட பில். டேலியில பர்ச்சேஸ் போட்டாச்சு. ஆனா 2பி-யில அந்த பில் வரல. என்ன பண்ணுவீங்க?"

நீங்கள்: "சப்ளையரிடம் பேசிச் சரி செய்யச் சொல்லுவேன் சார்."

மேனேஜர்: "பேசுனீங்க. 'நாங்க ஃபைல் பண்ணிட்டோம், உங்க பக்கம் பாருங்க'ன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்குத் தேதி 18. 3பி 20-க்குள்ள போடணும். இப்போ?"

பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். முதல் பதில் தப்பில்லை, ஆனால் அதில் வேலை தெரிந்தவனின் அடையாளம் எதுவும் இல்லை. வேலை தெரிந்தவர் எப்படி யோசிப்பார் என்று பாருங்கள். முதலில் நம் பக்கம்: பில்லில் நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா, பில் நம்பரை டேலியில் மாற்றிப் போட்டிருக்கிறோமா, 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ்-ஸில் (சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்கவோ மறுக்கவோ போர்ட்டலில் உள்ள வசதி) நம் ஆபீஸிலேயே யாராவது ரிஜெக்ட் அழுத்திவிட்டார்களா. அடுத்து அவர்கள் பக்கம்: வேறு கம்பெனியின் எண்ணில் ஏற்றிவிட்டார்களா, ஜிஎஸ்டி எண்ணே இல்லாத விற்பனையாகக் காட்டிவிட்டார்களா, காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களா, இல்லை 11-ஆம் தேதி தாண்டி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட்டார்களா. தாண்டிப் போட்டிருந்தால் அந்த பில் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். எது காரணமாக இருந்தாலும், அந்த பில் 2பி-யில் வராதவரை அதற்கு ஐடிசி (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கக் கூடாது. நிலுவைப் பட்டியலில் எழுதி வைத்து, மேனேஜரிடம் சொல்லி, அந்த சப்ளையருக்கு அடுத்த பேமென்ட் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் ஒரு ஃபிரெஷர் சொல்ல வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. "முதலில் பில்லில் நம் ஜிஎஸ்டி எண் சரியா என்று பார்ப்பேன், சரியாக இருந்தால் அவர்கள் எந்தத் தேதியில் ஃபைல் பண்ணினார்கள் என்று கேட்பேன், தீரும்வரை ஐடிசி எடுக்க மாட்டேன், உங்களிடம் சொல்லிவிடுவேன்" என்று நாலு வாக்கியம் சொன்னால் போதும், பேச்சு வேறு மாதிரி போகும். ஏஐ துருவத் துருவத்தான் இந்த நாலு வாக்கியம் உங்களுக்குள்ளிருந்து வரும். அதுவே எழுதிக் கொடுத்ததைப் படித்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

சுற்று முடிந்ததும் தெரியாதவற்றைப் பட்டியல் போடுங்கள். அதைப் படிக்க ஏஐ-யை வாத்தியாராக மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் புது சாட்டில் செய்யுங்கள். அதே சாட்டில் கேட்டால் அது மேனேஜர் வேடத்தை மறந்து, அடுத்த சுற்றில் நடுநடுவே பாடம் எடுக்கத் தொடங்கிவிடும்.

படி 4: அது சொல்வதைச் சரிபாருங்கள்

இந்தப் படியை அவசரத்தில் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஏஐ தப்பையும் சரியையும் ஒரே தொனியில் சொல்லும். அக்கவுண்ட்ஸ் மாதிரி விதி மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் இது ஆபத்து. பழைய தரவில் பயின்ற கருவி பழைய விதியைச் சொல்லும், அகில இந்திய விதியைச் சொல்லித் தமிழ்நாட்டு விதியை விட்டுவிடும்.

இ-வே பில் நல்ல உதாரணம். எவ்வளவு மதிப்புக்கு மேல் வேண்டும் என்று கேட்டால் பட்டென்று "50,000 ரூபாய்" என்று வரும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு அது சரி. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே நகரும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம். திருப்பூரிலிருந்து பெருந்துறைக்குத் துணி அனுப்பும் கம்பெனியில் போய் 50,000 என்று சொன்னால், நீங்கள் எங்கிருந்து படித்துவிட்டு வந்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதிலும் ஒரு உட்பிரிவு உண்டு: ஜாப் ஒர்க்குக்காக வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும்.

அடுத்தது வரி விகிதம். 5, 12, 18, 28 என்று நாலு ஸ்லாப் சொன்னால் அது பழைய பாடம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் வந்துவிட்டன. ஆயத்த ஆடையில் முன்பு ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. பனியன் கம்பெனி நேர்காணலில் இந்தக் கேள்வி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

டேலியிலும் இதே கதை. டெபிட் நோட், கிரெடிட் நோட் சாவிகளைக் கேட்டால் பழைய ஈஆர்பி 9 சாவிகளைச் சொல்லிவிடும். டேலி பிரைமில் கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்6, டெபிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்5. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்பதில் மாற்றமில்லை.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தொகை, சதவீதம் என்று எண்ணாக வருகிற எதையும் ஜிஎஸ்டி போர்ட்டலிலோ, மறைமுக வரி வாரியமான சிபிஐசி தளத்திலோ, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் அண்ணனிடமோ ஒருமுறை உறுதி செய்யுங்கள். அந்தக் கருவியிடமே "இது சரியா?" என்று திருப்பிக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. நீங்கள் சந்தேகப்படுவதைப் பார்த்ததும் சரியான பதிலையும் மாற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்.

மாதத் தேதிகளை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளலாம், யோசிக்காமல் வாயில் வர வேண்டியவை அவை. டிடிஎஸ் கட்ட 7. மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 போட 11. 2பி வருவது 14. பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15. 3பி போட 20. ஏற்றுமதிக்கான எல்யூடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக.

படி 5: வாயைத் திறந்து பேசுங்கள்

தட்டச்சில் நன்றாகப் பதில் சொன்னவர்கள் நேரில் தடுமாறுவது சகஜம். எழுதும்போது அழிக்கலாம், பேச்சில் அழிக்க முடியாது. அதனால் இரண்டாவது சுற்றிலிருந்து குரல் வசதியைப் பயன்படுத்துங்கள். பெரிய ஏஐ செயலிகள் பலவற்றில் போனிலேயே பேசிப் பதில் வாங்கும் வசதி இருக்கிறது, தமிழிலும் பேசும்.

அதன் தமிழ் சில சமயம் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். "தங்களுடைய கல்வித் தகுதியைப் பற்றிக் கூறவும்" என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லிப் பழகுங்கள், இல்லை பேச்சுத் தமிழுக்கு மாறச் சொல்லுங்கள். நாம் கலந்து பேசும் தமிழை அது சில இடங்களில் தப்பாகக் காதில் வாங்கும். ஐடிசி என்றால் வேறு ஏதோ என்று எழுதிக்கொள்ளும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பாகப் புரிந்துகொண்டால், நீங்கள் முணுமுணுக்கிறீர்கள் அல்லது வேகமாகப் பேசுகிறீர்கள் என்றும் இருக்கலாம்.

கொங்குப் பகுதி ஆபீஸ்களில் நேர்காணல் பெரும்பாலும் தமிழில்தான் தொடங்கும். "வாங்க, உட்காருங்க, எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்து, திடீரென்று "ஓகே, டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஆங்கிலத்துக்குத் தாவும். வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுகிற கம்பெனி என்பதால் ஆங்கிலத்தில் நாலு வரி பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். ஏஐ-யிடமும் அப்படியே சொல்லி வையுங்கள்: தமிழில் பேசிக்கொண்டே வந்து, எதிர்பாராத இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறு. தாவும் அந்த நொடிக்குத்தான் பழக்கம் வேண்டும்.

சுய அறிமுகத்தை ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் கேளுங்கள். "வந்து... வந்து..." எத்தனை முறை வருகிறது என்று எந்த ஏஐ-யும் உங்கள் காது அளவுக்கு உறைக்கிற மாதிரி சொல்லாது.

படி 6: உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்

"ஒரு பிரச்சினையை நீங்கள் தீர்த்த அனுபவம் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு ஃபிரெஷர்கள் ஏஐ-யிடம் பதில் எழுதி வாங்குகிறார்கள். அது கூச்சமே இல்லாமல் கதை கட்டும். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பை வைத்து, "என் தலைமையில் நிலுவை வசூல் 30 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதும். இன்டர்ன்ஷிப்பில் தலைமை எங்கிருந்து வந்தது? அந்த 30 எதிலிருந்து 30 என்று கேட்டால் கதை முடிந்தது. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒரு எண்ணைப் பார்த்தால் அதன் மூலத்தைக் கேட்பார், அவர் தொழிலே அதுதான்.

இதையும் திருப்பிப் போடுங்கள். "எனக்கு வேலை அனுபவம் இல்லை. என் வாழ்க்கையில் கணக்கு, பணம், பொறுப்பு சம்பந்தமாக நடந்தவற்றை வெளியே கொண்டுவர ஒவ்வொரு கேள்வியாகக் கேள். எதையும் நீயாகச் சேர்க்காதே" என்று சொல்லுங்கள். கல்லூரி விழாவுக்கு வசூல் பண்ணி மீதியைக் கணக்குக் காட்டியது, அப்பாவின் மளிகைக் கடையில் பற்று நோட்டு எழுதியது, அம்மாவின் சுயஉதவிக் குழு வரவு செலவைச் சரிபார்த்தது, ஆடிட்டர் ஆபீஸில் பில்களைத் தேதி வாரியாக அடுக்கும்போது ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது. இதெல்லாம் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியதைக் கண்டுபிடித்தவரை எந்த மேனேஜருக்கும் பிடிக்கும்.

சொல்லும் வரிசை மட்டும் சரியாக இருக்கட்டும்: என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு எது, என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. முதலாவதில் பாதி நேரத்தைச் செலவழிப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். மூன்றாவதுதான் நீளமாக இருக்க வேண்டும்.

படி 7: கைவேலைத் தேர்வு

நிறைய கம்பெனிகளில் வாய்க்கேள்வியோடு விட மாட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, பத்துப் பதினைந்து பில்லைக் கொடுத்து, டேலியில் போடுங்கள் என்பார்கள். இல்லையென்றால் எக்செல்லில் இரண்டு ஷீட் கொடுத்து ஒப்பிடச் சொல்வார்கள்.

இதற்கு ஏஐ மிக நன்றாக உதவும். "நூல், டையிங், அட்டைப்பெட்டி வாங்கிய 25 பர்ச்சேஸ் பில்களின் பட்டியலும், அதற்கு ஒத்த 2பி பட்டியலும் உருவாக்கு. பெயர்கள் கற்பனையாக இருக்கட்டும். ஒரு பில் விடுபட்டிருக்க வேண்டும், ஒன்றில் வரித்தொகை வேறாக, ஒன்றில் பில் நம்பரில் எழுத்துப் பிழை, ஒன்று இரண்டு முறை. எவை என்று நான் கேட்கும் வரை சொல்லாதே" என்று கேளுங்கள். எக்செல்லில் ஒட்டி, நேரம் வைத்துக்கொண்டு வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டுக் கண்டுபிடியுங்கள். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கூட்டுத்தொகையை நீங்கள் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பட்டியல் போடும்போது கூட்டலில் அது தானாகவே தப்பு விடும், நீங்கள் கேட்காத தப்பும் உள்ளே இருக்கும். அதையும் கண்டுபிடித்தால் உங்கள் கண் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டேலி லைசென்ஸ் இல்லையே என்று இருக்க வேண்டாம். டேலி பிரைமில் எஜுகேஷனல் மோட் இலவசம். மாதத்தில் சில தேதிகளுக்கு மட்டுமே என்ட்ரி போட விடும், கை பழக அது தாராளம்.

படி 8: ஏஐ தயங்கும் கேள்விகள்

சில கேள்விகளை ஏஐ தானாகக் கேட்காது. கேட்கச் சொன்னாலும் "இது நேர்காணலில் கேட்கத் தகாத கேள்வி" என்று உபதேசம் செய்யும். அது சொல்வது நியாயம்தான். ஆனால் நம் ஊரில் கேட்கிறார்களே. "கல்யாணம் ஆயிட்டா வேலைக்கு வருவீங்களாம்மா?" "அப்பா என்ன பண்றார்?" "ரெண்டு வருஷம் கேப் இருக்கே, ஏன்?" "அரியர் எத்தனை வெச்சிருந்தீங்க?" "மாசக் கடைசியில ராத்திரி ஒன்பது மணி ஆகும், பரவாயில்லையா?"

இதற்கு நீளமான பதில் தேவையில்லை. கோபமும் வேண்டாம், குழைவும் வேண்டாம். கல்யாணக் கேள்விக்கு, "வேலையில் தொடர்வதாகத்தான் திட்டம் சார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கேள்வியிலிருந்து அவர்கள் நகரவே இல்லை என்றால், அந்த ஆபீஸைப் பற்றி உங்களுக்கும் ஒரு தகவல் கிடைத்துவிட்டது. ராத்திரி வேலைக்கு, வீடு திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

சம்பளப் பேச்சில் ஏஐ சொல்லும் தொகையை நம்பாதீர்கள். பெங்களூரு ஐடி கம்பெனிக் கணக்கைத் திருப்பூருக்குச் சொல்லும், அல்லது ஐந்து வருடப் பழைய தொகையைச் சொல்லும். அதே ஊரில் வேலை பார்க்கும் சீனியர் இரண்டு பேரிடம் கேட்டாலே நிலவரம் தெரியும். ஆனால் சொல்லும் விதத்தை ஏஐ-யிடம் ஒத்திகை பார்க்கலாம். "ஃபிரெஷருக்கு நாங்க இவ்வளவுதான் கொடுக்கிறது" என்று அது பிடிவாதம் பிடிக்கட்டும், நீங்கள் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகவா, சேர்த்தா, எத்தனை மாதத்தில் உயர்வு என்று கேட்டுப் பழகுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். இதெல்லாம் தெரிந்து கேட்டால் அதுவே அக்கவுண்ட்ஸ் தெரியும் என்பதற்கு ஒரு சான்று.

படி 9: முந்தைய நாளும், ஆன்லைன் நேர்காணலும்

முந்தைய நாள் சாயங்காலத்தோடு பயிற்சியை நிறுத்துங்கள். ஒரு தாளில் மாதத் தேதிகள், உங்கள் மூன்று அனுபவங்களின் தலைப்பு, நீங்கள் அவர்களிடம் கேட்க இரண்டு கேள்வி. போதும்.

முதல் சுற்று வீடியோவில் என்றால், பக்கத்தில் ஏஐ-யை ஓடவிட்டுப் பதிலைப் படிக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். வேண்டாம். கண் இடமிருந்து வலமாக ஓடுவது எதிரே நன்றாகத் தெரியும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மௌனம் வருவதும் தெரியும். தப்பித்து வேலை கிடைத்தாலும், முதல் மாதம் 3பி போடும் நாளில் என்ன செய்வீர்கள்?

படி 10: முடிந்த பிறகு

வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்குள் கேட்ட கேள்விகளை எல்லாம் போனில் எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் பாதி மறந்துவிடும். திணறிய கேள்விகளுக்கு ஒரு குறி போடுங்கள். அன்றைக்கே அந்தப் பட்டியலை உங்கள் மேனேஜர் சாட்டில் ஒட்டி, "உண்மையில் இவற்றைத்தான் கேட்டார்கள், அடுத்த சுற்றை இதே தோரணையில் எடு" என்று சொல்லுங்கள். இரண்டு நேர்காணல் இப்படிக் கழிந்தால், அந்த சாட் எந்த இணையப் பட்டியலையும் விட உங்கள் ஊர் ஆபீஸுக்கு நெருக்கமாக இருக்கும்.

மூன்று நாளாகியும் தகவல் வரவில்லை என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். அதை மட்டும் ஏஐ-யிடம் எழுதக் கொடுக்காதீர்கள், நன்றியும் வணக்கமுமாக நாலு பத்தி எழுதிவிடும். "சார், செவ்வாய்க்கிழமை அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். முடிவு எப்போது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்றால் போதும். கீழே பெயரை எழுத மறக்காதீர்கள், அவர் போனில் உங்கள் நம்பர் சேவ் ஆகியிருக்காது.